நிலக்கரி அழுந்தினால் வைரம் ஆகுமா?

நிலக்கரி மண்ணுக்கு அடியில் கோடிக்கணக்கான வருஷம் அழுந்திக் கிடந்தால் கடைசியில் வைரமாகிவிடும் என்று எங்காவது படித்திருப்போம், இல்லாவிட்டால் யாராவது சொல்லிக் கேட்டிருப்போம். கஷ்டப்பட்டால் ஒருநாள் ஜொலிக்கலாம் என்று சொல்ல மேடைப் பேச்சாளர்களுக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலத்துக்கு அடியில் நடப்பது அது இல்லை. நிலக்கரியை இன்னும் அழுத்தி, இன்னும் சூடாக்கி, இன்னும் பல கோடி வருஷம் விட்டுவைத்தால் வருவது கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கருப்புப் பொருள். வைரம் பிறக்கிற இடம் வேறு, வயது வேறு, அது மேலே வந்து சேர்ந்த வழியும் வேறு.

இரண்டிலும் கார்பன் இருக்கிறது என்பது மட்டும் உண்மை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் ஒரே கார்பன் எப்படி ஒரு இடத்தில் வைரமாகவும் இன்னொரு இடத்தில் கிராஃபைட்டாகவும் இருக்கிறது, நிலக்கரி இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று முதலிலிருந்தே பார்த்துவிடலாம்.

வைரமும் கரியும் ஒரே பொருள் என்பது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் இல்லை. ஒன்று ஒளி ஊடுருவுவது, மற்றது கருப்பு. ஒன்று கண்ணாடியைக் கீறும், மற்றது விரலில் ஒட்டும். 1772இல் லவாய்சியர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வைரத்தைக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து, மிகப் பெரிய லென்ஸ் ஒன்றால் சூரிய ஒளியை அதன்மேல் குவித்தார். வைரம் எரிந்து காணாமல் போனது. மிஞ்சிய வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டால் அது வெள்ளையாகக் கலங்கியது, கரியை எரித்தால் வரும் வாயுவும் இதையேதான் செய்யும். அவ்வளவு தூரம் வந்தவர், வைரம் என்பது கரிதான் என்று அடித்துச் சொல்லவில்லை, தயங்கினார். அதைச் சொல்ல 1797 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேயர் வைரத்தைத் தங்கக் குழாயில் வெடியுப்போடு சேர்த்துச் சூடாக்கி எரித்து, வந்த கார்பன் டை ஆக்சைடை அளந்து பார்த்தார். அதே எடை மரக்கரியை எரித்தால் எவ்வளவு வாயு வருமோ அவ்வளவே வைரத்திலிருந்தும் வந்திருந்தது. அப்படியென்றால் வைரத்தில் கார்பனைத் தவிர ஒளிந்துகொள்ள வேறு எதற்கும் இடமில்லை. கிராஃபைட் கார்பன்தான் என்று 1779இலேயே ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே காட்டியிருந்தார்.

வைரம் எரியும் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். சாதாரணக் காற்றில் சுமார் 700, 800 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அதன் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர ஆரம்பித்துவிடும். வீடு தீப்பிடித்தால் நகையிலிருக்கும் வைரம் வெள்ளையாக மங்கிப்போவது இதனால்தான். மறுபடி பட்டை தீட்டினால் சரியாகிவிடும், எடை கொஞ்சம் குறையும்.

சரி, பொருள் ஒன்று என்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்திலிருந்து. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் புறவேற்றுமை வடிவங்கள் என்று பெயர் கொடுத்திருப்பார்கள், பெயரை மனப்பாடம் செய்துவிட்டு விஷயத்தை விட்டுவிடுவோம். விஷயம் இவ்வளவுதான். கார்பன் அணுவில் ஆறு எலக்ட்ரான்கள். உள்ளே இருக்கும் இரண்டும் எதிலும் கலந்துகொள்ளாது. வெளியே இருக்கும் நான்கும்தான் பக்கத்து அணுக்களோடு பிணைப்பு போடுகிறவை. நான்கு என்பது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை, அதனால் அந்த நான்கையும் பலவிதமாகப் பங்கிட்டுக்கொள்ள முடிகிறது.

வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பக்கத்து கார்பன்களோடு, நான்கு சமமான பிணைப்புகளால் சேர்ந்திருக்கிறது. அந்த நான்கும் ஒரே தளத்தில் இல்லை, ஒன்றுக்கொன்று 109.5 டிகிரி கோணத்தில் நாலா திசையிலும் விரிந்து நிற்கின்றன. பக்கத்து அணுவும் அப்படியே, அதற்குப் பக்கத்து அணுவும் அப்படியே. இப்படியே போனால் கல் முழுவதும் இடைவெளியில்லாமல் ஒரே மூலக்கூறு என்று சொல்லிவிடலாம், எங்கே முடிகிறது என்றால் கல் முடியும் இடத்தில்தான். எந்தப் பக்கம் அழுத்தினாலும் வலுவான பிணைப்புகளை உடைத்தால்தான் அணு நகரும், அதனால்தான் இயற்கையில் கிடைப்பதில் இதுவே மிகக் கடினமானது, கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 10. எல்லா எலக்ட்ரானும் பிணைப்பில் மாட்டிக்கொண்டதால் மின்சாரத்தைக் கடத்த ஒன்றும் மிச்சமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அந்த எலக்ட்ரான்களை அசைக்கும் ஆற்றலும் போதாது, எனவே ஒளி உறிஞ்சப்படாமல் நேராக உள்ளே புகுந்து வெளியேறுகிறது. மின்சாரம் கடத்தாத இந்தக் கல் வெப்பத்தை மட்டும் அபாரமாகக் கடத்தும், அறை வெப்பநிலையில் செம்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. இறுக்கமான பிணைப்புகள் வழியாக அதிர்வு மிக வேகமாகப் பரவுவதே காரணம். வைரத்தைச் சோதிக்க நகை வியாபாரிகள் வைத்திருக்கும் பேனா மாதிரியான கருவி பார்ப்பது இந்த வெப்பக் கடத்தலைத்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இதைப் பலர் கலந்துகொள்கிறார்கள். கடினம் என்றால் எளிதில் கீற முடியாது என்று அர்த்தம், உடையாது என்று அர்த்தம் இல்லை. வைரத்தைச் சுத்தியலால் அடித்தால் உடைந்துவிடும். அதில் சில தளங்களின் குறுக்கே பிணைப்புகள் மற்ற திசைகளைவிடக் குறைவு, அந்தத் தளத்தில் அடி விழுந்தால் சுத்தமாகப் பிளந்துகொள்ளும். பட்டை தீட்டுகிறவர்கள் காலங்காலமாக இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் பெரிய கல்லைப் பிளந்து வந்தார்கள். வைரத்தை வைரத்தாலேயே அறுக்க முடிவதும், அதன் கடினம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததால்தான். வைரத்தூளில் எந்தெந்தத் திசையிலோ கிடக்கும் துகள்களில் சில எப்போதும் கடினமான பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அவை கல்லின் இளகிய திசையை அரைத்துவிடும்.

கிராஃபைட்டில் கதை வேறு. இங்கே ஒவ்வொரு கார்பனும் மூன்று பேரோடு மட்டும் நேரடிப் பிணைப்பு வைத்துக்கொள்கிறது, மூன்றும் ஒரே தளத்தில், 120 டிகிரி கோணத்தில். இதனால் அறுகோணம் அறுகோணமாகச் சேர்ந்து தட்டையான ஏடுகள் உருவாகின்றன. நான்காவது எலக்ட்ரான் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல் ஏடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துவதற்கும், ஒளியை விழுங்கிக் கருப்பாகத் தெரிவதற்கும் இந்த எலக்ட்ரான்தான் பொறுப்பு. ஏட்டுக்குள் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். வைரத்தில் அதுவே 0.154. அதாவது ஏட்டுக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட நெருக்கமானது, வலுவும் அதிகம்! மெத்தென்று இருக்கும் பொருளுக்குள் இப்படி ஒன்று இருப்பதுதான் எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்த பகுதி. பலவீனம் ஏடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஓர் ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் 0.335 நானோமீட்டர் இடைவெளி, அவற்றைப் பிடித்துவைத்திருப்பது மிக லேசான ஈர்ப்பு மட்டும். பென்சிலைத் தாளில் இழுத்தால் ஏடுகள் கழன்று தாளில் தங்கிவிடுகின்றன, நாம் அதை எழுத்து என்கிறோம். ஒரே ஓர் ஏட்டைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா என்று 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் முயன்றபோது அவர்கள் கையிலெடுத்த கருவி சாதாரண ஒட்டும் டேப். கிராஃபைட்டில் ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டி, பிரித்து என்று போனதில் கிடைத்ததுதான் கிராஃபீன், 2010இல் அதற்கு நோபல் பரிசு.

கிராஃபைட் வழுக்குவதற்கு ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது மட்டும் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முழுக்கச் சரியில்லை. காற்றே இல்லாத இடத்தில் கிராஃபைட் அவ்வளவாக வழுக்காது, தேய்ந்து தூளாகிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மோட்டார்களில் சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் வேகவேகமாகத் தேய்ந்துபோனதை வைத்துத்தான் இது பெரிதாக வெளியே தெரிந்தது. காற்றில் இருக்கும் நீராவி ஏடுகளின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டால்தான் அந்த வழுவழுப்பு முழுசாக வருகிறது.

இப்போது முக்கியமான கேள்வி. கார்பன் அணுக்கள் ஒன்றுகூடும்போது வைரமாக அடுக்கிக்கொள்வதா, கிராஃபைட்டாக அடுக்கிக்கொள்வதா என்பதை எது முடிவு செய்கிறது? இதற்கு ஓர் எண்ணைக் கவனித்தால் போதும். ஒரு கன சென்டிமீட்டர் வைரத்தின் எடை சுமார் 3.5 கிராம், கிராஃபைட் சுமார் 2.2 கிராம். அதாவது ஒரே அளவு கார்பன், வைரமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவான இடத்தில் அடங்கிவிடும். வெளியிலிருந்து அழுத்தம் ஏறினால் இடத்தை மிச்சம் பிடிக்கிற அமைப்புதான் ஜெயிக்கும், அதனால் அழுத்தம் வைரத்தின் பக்கம் நிற்கிறது. நாம் வாழும் மேற்பரப்பில் அந்த அழுத்தம் இல்லை, இங்கே கிராஃபைட்தான் கார்பனின் நிலையான வடிவம்.

வெப்பத்தின் வேலை இதற்கு நேரெதிர், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வெப்பம் ஏற ஏற வைரம் நிலைக்க வேண்டிய அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். ஆக, ஆழமாக இருந்தால் மட்டும் பத்தாது, அந்த ஆழத்துக்கு ரொம்பச் சூடாகவும் இருக்கக் கூடாது. பூமியில் இந்த இரண்டும் பொருந்தி வருவது பழைய கண்டங்களின் நடுப்பகுதிக்கு அடியில். 250 கோடி வருஷத்துக்கு முன்பே உறைந்து, பெரிய அசைவு எதுவும் இல்லாமல் கிடக்கும் இந்தப் பகுதிகளுக்குக் கிரேட்டான் என்று பெயர். அவற்றின் அடிவேர் 150, 200 கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் மேலோட்டைத் தாண்டிக் கவசம் என்கிற மேன்டில் பகுதிக்குள் இறங்கியிருக்கும், சுற்றியுள்ள பாறையைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கும். குளிர்ச்சி என்றால் 900 முதல் 1,300 டிகிரி. அழுத்தமோ நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 50,000 மடங்கு. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, சைபீரியா, வட கனடா என்று வைரத்துக்குப் பேர்போன இடங்களெல்லாம் இப்படிப்பட்ட கிழட்டு நிலங்கள். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை உலகத்துக்கே பெரும்பாலும் வைரம் கொடுத்துக்கொண்டிருந்த கோல்கொண்டா பகுதியும், அதாவது கிருஷ்ணா ஆற்றங்கரைச் சரளை மண்ணும், அப்படித்தான்.

அந்த ஆழத்தில் கார்பன் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பூமி உருவானதிலிருந்தே உள்ளே இருப்பது. அது பாறை இடுக்குகளில் ஊரும் திரவங்களில், கார்பன் டை ஆக்சைடாகவோ மீத்தேனாகவோ கார்பனேட்டாகவோ கரைந்திருக்கும். திரவத்தின் தன்மை மாறும்போது கார்பன் மட்டும் பிரிந்து, அணு அணுவாகப் படிந்து வைரமாக வளரும். கவனித்தீர்களா, இங்கே யாரும் எந்தக் கரியையும் பிழியவில்லை. வளரும்போது பக்கத்தில் இருக்கும் கார்னெட் மாதிரிக் கனிமத் துணுக்குகளையும் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். நகைக்காரருக்கு அது கல்லில் ஒரு குறை, புவியியலாளருக்கோ கல்லைவிட அந்தத் துணுக்குதான் பெரிது, ஏனென்றால் வைரத்தின் வயதை வைரத்திலிருந்து அளக்க முடியாது. பழம்பொருள்களின் வயதை அளக்கும் கார்பன்-14 முறை இங்கே எடுபடாது, அந்தக் கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 வருஷம்தான், சுமார் 50,000 வருஷத்துக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. துணுக்குக்குள் இருக்கும் கதிரியக்கத் தனிமங்களை வைத்துக் கணக்கிட்டதில், பெரும்பாலான வைரங்களின் வயது 100 கோடியிலிருந்து 350 கோடி வருஷம் வரை வருகிறது.

மேற்பரப்பில் கிராஃபைட்தான் நிலையானது என்றால் மேலே வந்த வைரம் ஏன் கிராஃபைட்டாக மாறிவிடவில்லை என்று கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். மலைச் சரிவில் உருண்டு வந்த பாறாங்கல் ஒன்று பாதி வழியில் ஒரு குழியில் சிக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரம் அதற்கு வசதியான இடம்தான், ஆனால் அங்கே போக முதலில் குழியின் விளிம்பைத் தாண்ட வேண்டும். வைரத்தின் நிலைமை அதுதான். கிராஃபைட்டாக மாறினால் கிடைக்கும் ஆற்றல் லாபம் ரொம்பக் கொஞ்சம், ஒரு மோலுக்கு, அதாவது 12 கிராம் கார்பனுக்கு, சுமார் 3 கிலோஜூல். அதற்காக உடைக்க வேண்டிய பிணைப்புகளோ மிக வலுவானவை. அறை வெப்பநிலையில் அந்த விளிம்பைத் தாண்டும் அளவுக்கு அணுக்களிடம் சக்தியே இல்லை, அதனால் பிரபஞ்சத்தின் வயதளவு காத்திருந்தாலும் மோதிரத்தில் எதுவும் நடக்காது. காற்றில்லாமல் 1,500 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பாருங்கள், அப்போது மாற ஆரம்பிக்கும்.

இந்தக் கடைசி விஷயம் வைரம் மேலே வரும் வழியைத் தீர்மானிக்கிறது. 150 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மெதுவாக, சூடு ஆறாமல், அழுத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் வைரம் வழியிலேயே கிராஃபைட்டாகிவிடும். இது வெறும் கணக்கு இல்லை, சாட்சி இருக்கிறது. மொராக்கோவில் பெனி பூஸேரா என்ற இடத்தில், ஆழத்திலிருந்து மெல்ல மேலெழும்பிய பாறைகளுக்குள் கிராஃபைட் கட்டிகள் கிடக்கின்றன. அவற்றின் வடிவம் எட்டு முகம் கொண்ட அச்சு அசலான வைரப் படிகத்தின் வடிவம். ஒரு காலத்தில் அவை வைரமாக இருந்தவை. உருவம் அப்படியே இருக்கிறது, உள்ளே அணுக்களின் அடுக்கு மாறிவிட்டது.

தப்பித்து வந்த வைரங்களைத் தூக்கி வந்தது கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரத்தை வைத்து வந்த பெயர் அது, 1870களில் அங்கேதான் வைரம் ஆற்று மணலில் மட்டும் இல்லை, பாறைக்குள்ளும் இருக்கிறது என்று தெளிவானது. இந்தக் குழம்பு நிறைய நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் சுமந்துகொண்டு வரும், அந்த வாயுக்கள் விரிந்து தள்ளுவதால் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் மேலே வந்து வெடித்துவிடும் என்பது கணிப்பு. வெடித்த இடத்தில் கேரட் கிழங்கு வடிவில் குறுகி இறங்கும் ஒரு குழாய் மிஞ்சும், சுரங்கம் தோண்டுவது அங்கேதான். குழம்பு வைரத்தைச் செய்யவில்லை, வழியில் இருந்ததை வாரிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். பல கிம்பர்லைட் குழாய்களின் வயது சில கோடி வருஷங்களிலிருந்து சில பத்துக் கோடி வருஷங்கள், உள்ளே இருக்கும் வைரமோ அதைவிடப் பல மடங்கு மூத்தது. அப்புறம் மழையும் ஆறும் குழாயை அரித்து வைரத்தைக் கடல் வரை இழுத்துக்கொண்டு போய்விடும். நமீபியாவின் கடற்கரையிலும் கடலடியிலும் வைரம் எடுக்கிறார்களே, அது ஆரஞ்சு ஆறு கொண்டுவந்து போட்டது.

நிலக்கரிக்கு வருவோம். நிலக்கரி கார்பனின் ஒரு வடிவம் என்று வைரத்தோடும் கிராஃபைட்டோடும் வரிசையில் நிறுத்துவதே கொஞ்சம் தப்பு. அது தாவரங்களின் மிச்சம். சதுப்பு நிலத்தில் செத்து விழுந்த மரமும் செடியும் தேங்கிய தண்ணீருக்குள் முழுகினால் அங்கே ஆக்சிஜன் குறைவு, நுண்ணுயிர்களால் முழுக்கச் சிதைக்க முடியாது. பாதி மக்கிய நிலையில் அது பீட் ஆகச் சேரும். மேலே மண்ணும் மணலும் படிந்து புதைய, அழுத்தமும் சூடும் தண்ணீரையும் வாயுக்களையும் வெளியேற்ற, பீட் பழுப்பு நிலக்கரியாகவும், அப்புறம் நாம் பொதுவாக நிலக்கரி என்று சொல்லும் பிட்டுமினஸ் வகையாகவும், கடைசியில் பளபளக்கும் அந்த்ரசைட்டாகவும் மாறும். இந்தப் பயணம் முழுவதிலும் நடப்பது ஒன்றே: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன, கார்பனின் பங்கு ஏறுகிறது. அந்த்ரசைட்டில் கூட அது 86 சதவீதத்திலிருந்து 97 சதவீதம் வரைதான். நைட்ரஜன், கந்தகம், சாம்பலாக மிஞ்சும் கனிமங்கள் எல்லாம் கூடவே இருக்கும். நிலக்கரியை எரித்தால் கந்தகப் புகையும் சாம்பலும் வருவது இதனால், வைரத்தை எரித்தால் கார்பன் டை ஆக்சைடைத் தவிர ஒன்றும் வராது.

காலமும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைக்கும் நிலக்கரியில் பெரும்பகுதி 36 கோடி முதல் 30 கோடி வருஷத்துக்கு முற்பட்ட கார்போனிஃபெரஸ் காலத்தது. 30 மீட்டருக்கும் மேல் வளர்ந்த லெப்பிடோடெண்ட்ரான் மரங்கள் அந்தச் சதுப்புகளை நிறைத்திருந்தன. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்தபோது, அதற்கடுத்த பெர்மியன் காலத்தில் படிந்ததுதான் இந்த நாடுகளின் நிலக்கரியில் பெரும்பங்கு, அங்கே குளோசாப்டெரிஸ் என்ற மரம்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஆரம்பத்தில் சொன்ன கதை விழுந்துவிடும். நிலத்தில் செடி முளைத்தே சுமார் 47 கோடி வருஷம்தான் ஆகிறது. வைரம் 100 கோடி, 300 கோடி வருஷம் பழையது. செடியே இல்லாத காலத்தில் நிலக்கரி எங்கிருந்து வரும்? ஆழத்தையும் பாருங்கள். நிலக்கரி உருவாவது மேலோட்டின் முதல் சில கிலோமீட்டருக்குள். மனிதன் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளையே, ரஷ்யாவின் கோலா துளை, 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதுதான், வைரம் பிறப்பது அதற்கும் பத்து மடங்குக்குக் கீழே. நிலக்கரிப் படிவத்தை இயற்கை இன்னும் சூடாக்கினால் என்ன ஆகும் என்பதும் நேரில் தெரியும். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் கொதிக்கும் கிரானைட் குழம்பு நிலக்கரிப் படிவங்களுக்குப் பக்கத்தில் ஊடுருவியது, நிலக்கரி கிராஃபைட்டாக மாறியது, இன்று அங்கே கிராஃபைட் சுரங்கம். எல்லா கிராஃபைட்டும் இப்படி வந்ததில்லை, இலங்கையில் கிடைப்பது பாறை வெடிப்புகளில் ஓடிய சூடான திரவங்களிலிருந்து படிந்தது, பெரிய பெரிய தூய கட்டிகளாக வரும்.

இன்னொன்றும் உண்டு, கார்பன் நிறைந்த எல்லாமே சூடாக்கினால் கிராஃபைட்டாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. டி.என்.ஏ. ஆய்வோடு பெயர் சேர்ந்துபோன ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அதற்கு முன்னால் நிலக்கரி, மரக்கரி ஆய்வாளர். எக்ஸ்ரே கொண்டு பார்த்து 1951இல் அவர் வெளியிட்டது, சில கரிகளைச் சுட்டால் ஏடுகள் வரிசைக்கு வந்து கிராஃபைட்டாகும், சிலவற்றை 3,000 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் ஆகாது என்பது. பின்னதில் குட்டிக் குட்டி ஏடுகள் கண்டபடி திரும்பி, ஒன்றையொன்று குறுக்கே பிணைத்துக்கொண்டு நிற்கும், திரும்பி அடுக்கிக்கொள்ள இடமில்லை. மரக்கரியும் புகைக்கரியும் கருப்பாக, மெத்தென்று, நுண்துளைகளோடு இருப்பதற்கு அந்த ஒழுங்கில்லாத அடுக்குதான் காரணம்.

ஆனால் உயிர்களின் கார்பன் வைரத்துக்குள் போகவே போகாது என்று நினைத்துவிட வேண்டாம். கடலடித் தட்டுகள் பூமிக்குள் சறுக்கி இறங்கும்போது மேலே படிந்த சேற்றையும் அதிலிருக்கும் உயிரின மிச்சங்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உயிர்கள் எடை குறைந்த கார்பன் வகையான கார்பன்-12ஐ விரும்பி எடுப்பதால் அவற்றின் கார்பனில் எடை கூடிய கார்பன்-13 வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், எக்லோகைட் என்ற பாறையோடு சேர்ந்த சில வைரங்களில் அதே சாயல் தெரிகிறது. பழங்காலக் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் கார்பன் அவற்றில் கலந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைப்பது இதனால்தான். அதுவும் நிலக்கரி வழியாக வந்ததில்லை, ஆழத்தில் திரவத்தில் கரைந்து மறுபடி படிந்தது.

மனிதர் வைரம் செய்யக் கற்றுக்கொண்ட கதையும் இதையே சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பலர் கரியை அழுத்திப் பார்த்துத் தோற்றார்கள், சிலர் ஜெயித்ததாக அறிவித்தது பின்னால் நிற்கவில்லை. 1953இல் ஸ்வீடனின் ASEA என்ற மின்கருவி நிறுவனமும், 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் செய்து காட்டின. அழுத்தமும் வெப்பமும் இருந்தன, ஆனால் கூடவே உருகிய இரும்பு மாதிரி ஒரு உலோகமும் இருந்தது. கார்பன் அதில் கரைந்து, மறுபக்கம் வைரமாகப் படிந்தது, ஆழத்தில் திரவம் செய்யும் அதே வேலை. இன்னொரு முறை இதைவிட வேடிக்கையானது. மீத்தேனையும் ஹைட்ரஜனையும் காற்றழுத்தத்துக்கும் குறைவான அழுத்தத்தில் பிளாஸ்மாவாக்கினால், அதாவது மூலக்கூறுகள் உடைந்து மின்னேறிய வாயுவாக்கினால், ஒரு சின்ன வைரத் தகட்டின்மேல் கார்பன் வைரமாகவே வளர்கிறது. கூடவே உருவாகும் கிராஃபைட்டை ஹைட்ரஜன் அணுக்கள் அரித்துத் தின்றுவிடும், வைரத்தை அவ்வளவாகத் தொடாது. ஆக அழுத்தம்கூடக் கட்டாயம் இல்லை, அணுக்கள் எந்த ஒழுங்கில் போய் உட்காருகின்றன என்பதுதான் விஷயம். இப்படிச் செய்த கல்லைப் போலி என்று சொல்வது வேதியியல்படி தப்பு, அடுக்கு அதேதான்.

இயற்கையில் இவை தவிர இன்னும் சில உண்டு. விண்கல் மோதும் நொடியில் கிராஃபைட் அப்படியே நசுங்கி வைரமாகும். சைபீரியாவின் போபிகாய் பள்ளத்தில் சுமார் 3.5 கோடி வருஷத்துக்கு முன்னால் நடந்தது அதுதான், அங்கே கிடைப்பது நகைக்கு ஆகாத பொடி வைரம். அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டியாப்லோ விண்கல்லில் 1967இல் அறுகோண அடுக்குள்ள வைரம் ஒன்று அடையாளம் காணப்பட்டது, படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலின் பெயரால் அது லான்ஸ்டேலைட். அறுபது கார்பன்கள் 12 ஐங்கோணமும் 20 அறுகோணமுமாகச் சேர்ந்து மூடிய கூடாகும் ஃபுல்லரின் 1985இல் ஆய்வகத்தில் கிடைத்தது, 2010இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அதை விண்வெளியிலும் பார்த்தது.

கடைசியாக கார்பனாடோ. பிரேசிலிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் மட்டும் கிடைக்கும் கருப்பு வைரம், எண்ணற்ற நுண்படிகங்கள் கண்டபடி ஒட்டி, நுண்துளைகளோடு இருக்கும். கிம்பர்லைட்டில் இது கிடைப்பதில்லை, ஆழத்துக் கனிமத் துணுக்குகளும் உள்ளே இல்லை, அதனால் இது எங்கே பிறந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. விண்வெளியிலிருந்து வந்தது என்று ஒரு கட்சியே இருக்கிறது, எனக்கென்னவோ அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. படிகங்கள் பல திசைகளில் கிடப்பதால் ஒரே தளத்தில் பிளந்துவிடும் அந்தப் பலவீனம் இதற்கு இல்லை, அதனால் துளைபோடும் கருவிகளுக்கு மிகத் தோதான வைரம். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன்தான் உலகின் மிகப் பெரிய வைரம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், அது நகைத்தரக் கற்களின் கணக்கு. 1895இல் பிரேசிலில் எடுத்த செர்ஜியோ என்ற கார்பனாடோ 3,167 காரட். அதை உடைத்துத் துளைக்கருவி முனைகளாக்கி விற்றுவிட்டார்கள்.